வட்டின் நெற்றியில் எழுதிய பெயர்



ஓலைச்சுவடி ஒன்றைக் கையில் எடுத்தவர் எழுத்தறிந்தவராயின், அதிலே என்ன இருக்கின்றது என்பதை அப்போதே அறிந்துகொள்வார். இசைத்தட்டைக் கையில் எடுத்தவருக்கு அது கைகூடாது. கருநிறத் தட்டிலே வளைந்து வளைந்து செல்லும் கோடுகளை எவ்வளவு கூர்ந்து நோக்கினாலும், அங்கே உறங்குவது தோடி இராகமா, நாடக மேடையின் நகைச்சுவைப் பேச்சா என்று சொல்லிவிட முடியாது. இறுவட்டோ அதனினும் பெரிய ஊமை. கோடுகளைக்கூடக் காட்டாமல், பார்ப்பவர் முகத்தையே பார்ப்பவருக்குத் திருப்பிக் காட்டுகின்றது. இயந்திரத்துக்கு மட்டுமே விளங்கும் எழுத்தால் நிறைந்த இப்பொருள்களிலே, மனிதன் படிப்பதற்கென்று விடப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். அது பெயர்ச்சீட்டு, லேபிள் என்றே பலரும் சொல்வர். அந்தப் பெயர் வட்டின்மேல் எவ்வாறு ஏறியது, அதனை வீட்டு மேசையிலே அச்சிடும் வழக்கமும் அச்சகத்தாரிடம் கொடுத்துச் செய்விக்கும் வழக்கமும் எவ்வாறு வந்தன, அவற்றால் வட்டுக்கு நேர்ந்தது என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வானொலியில் இதனைப் பேசுவது பொருத்தமே. இலங்கையில் 1925 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே ஒலிபரப்புத் தொடங்கிற்று. அதன் பின்னர்ப் பல பதிற்றாண்டுகளாக நிலையத்தின் பெருஞ்செல்வமாக இருந்தவை இசைத்தட்டுகள். அறிவிப்பாளர் தட்டை உறையிலிருந்து எடுப்பார். நடுவிலுள்ள வட்டச் சீட்டை நோக்குவார். படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் என்று வாசிப்பார். பிறகு ஊசியை இறக்குவார். ஈழத்திலும் தமிழகத்திலும் கேட்டுக்கொண்டிருந்த பல்லாயிரம் பேர் அந்தச் சீட்டை ஒருநாளும் கண்டவரல்லர். ஆனால் அதிலே எழுதியிருந்ததைக் காதாற் படித்து மனப்பாடமும் செய்துவிட்டார்கள். பெயர்ச்சீட்டிலே பிழை இருந்தால் அந்தப் பிழையும் காற்றிலேறி ஊரெங்கும் பரவும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கிராமபோனை உலகுக்கு அளித்த எமில் பெர்லினர் 1851 இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்தவர். இளமையிலேயே அமெரிக்கா சென்று குடியேறியவர். ஹனோவர் என்ற இந்த ஊர்ப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையில் அது மேலும் இருமுறை வரும். 1887 இல் அவர் கண்ட முறை எளிமையானது. துத்தநாகத் தகட்டின்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு. ஒலியின் அசைவுக்கேற்ப ஊசி அந்தப் பூச்சைக் கீறிச் செல்லும். பின்னர் தகட்டை அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். தகட்டின் நடுவிலே பாட்டின் பெயரையும் எண்ணையும் கையாலே கீறிவைத்தார்கள். அமிலம் இசையையும் பெயரையும் ஒருங்கே அரித்தது. ஆகவே முதற்காலத்துத் தட்டுகளிலே பெயர் வேறு, தட்டு வேறு என்ற பிரிவே இல்லை. பெயர் உரிந்துபோகும் என்ற அச்சமும் இல்லை. குறை ஒன்றுதான்: கருமையின்மேற் கருமையாக இருந்த அந்த எழுத்தைப் படிப்பதற்கு விளக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் குறையை நீக்கியவர் நியூ ஜெர்சி மாநிலத்துக் கம்டன் நகரிலே இயந்திரத் தொழிற்சாலை வைத்திருந்த எல்ட்ரிஜ் ஜோன்சன் என்பவர். 1900 ஆம் ஆண்டளவில் அவர் தட்டின் நடுவிலே அச்சிட்ட கடதாசி வட்டத்தைப் பதிக்கத் தொடங்கினார். இதனைச் சிறிய மாற்றம் என்று எண்ணிவிடலாகாது. அதுவரை தொழிற்சாலைக் குறிப்பாக இருந்த எழுத்து, அன்று முதல் கடைக்கு வருபவரின் கண்ணைப் பறிக்கும் விளம்பரமாயிற்று. நிறங்கள் வந்தன. ரஷ்யாவிலே பெரும் பாடகர்களின் தட்டுகளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டும் வழக்கம் எழுந்தது. 1903 இல் அமெரிக்க விக்டர் கொம்பனியும் அதனைக் கைக்கொண்டது. சிவப்பென்றால் விலை கூட. வாங்குபவருக்கு மதிப்பும் கூட. ஒலிபெருக்கிக் குழலின் முன் அமர்ந்து செவிமடுக்கும் நாயின் படமும் இவ்வாறே சீட்டின்மேல் ஏறிக் குடியிருந்தது.

இவற்றுக்கிடையே நம் நாட்டுப் பக்கத்திலே நிகழ்ந்த ஒரு செய்தி உண்டு. 1902 ஆம் ஆண்டிலே லண்டன் கிராமபோன் கொம்பனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தா வந்து சேர்ந்தார். பாடுவோரை ஒரு விடுதி அறைக்கு அழைத்துப் பதிவு செய்தார். அப்போது இந்தியாவிலே தட்டு அடிக்கும் தொழிற்சாலை இல்லை. பதிவு செய்த மூலத் தட்டுகள் கப்பலேறி ஹனோவருக்குச் சென்றன. அங்கே பெர்லினரின் சகோதரர் நடத்திய ஆலையிலேதான் படி எடுக்க வேண்டும். சீட்டும் பதிக்க வேண்டும். ஜெர்மானியத் தொழிலாளிக்கு இந்துஸ்தானியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. பெட்டிக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான தட்டுகளிலே எது எவருடையது என்று எவ்வாறு அறிவான்? ஆகவே பாடி முடித்ததும் பாடியவரே தம் பெயரை உரக்கச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. புகழ்பெற்ற கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சீட்டு எழுதப்பட்டது என்பர்.

இன்று அப்பழைய தட்டுகளைக் கேட்பவர்கள், பாட்டின் முடிவிலே வரும் அந்த அறிவிப்பைச் செருக்கு என்று எண்ணிப் புன்னகை செய்வதுண்டு. செருக்கன்று, தம் பெயர் கடலுக்கு அப்பால் இடம்மாறிப் போய்விடக் கூடாதே என்ற கவலைக்கு ஒரு மாற்று. சீட்டு தொலைந்தாலும் குரல் சொல்லும். 1908 இல் கல்கத்தாவிலே ஆலை எழுந்த பின்னர் கப்பற்பயணம் வேண்டாதாயிற்று. அறிவிக்கும் வழக்கமும் மெல்ல மறைந்தது. பெயரைக் காக்கும் பொறுப்பு முழுவதும் கடதாசியின்மேல் விழுந்தது.

கடதாசி அதனைத் தாங்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பழைய தட்டிலே சீட்டை ஒட்டுவதற்குப் பசை பயன்படவில்லை. வெப்பத்தால் இளகிய அரக்குக் கலவையை அச்சுக்குள் வைத்து அழுத்தும்போதே, மேலொன்றும் கீழொன்றுமாகச் சீட்டுகளையும் வைத்துவிடுவார்கள். அழுத்தத்தால் கலவை கடதாசியின் நார்களுக்குள் புகுந்து இறுகிக்கொள்ளும். பின்னர் வந்த வினைல் தட்டுகளிலும் அதே முறைதான். சீட்டிலே ஈரம் இருந்தால் அது ஆவியாகிக் கொப்புளம் எழும் என்பதற்காக, அழுத்துவதற்கு முன்னர்ச் சீட்டுகளை அடுப்பிலே வைத்து உலர்த்தி எடுப்பார்கள். மையும் அந்த வெப்பத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். ஊறிப் பதிந்த அந்தச் சீட்டை நகத்தாற் பெயர்த்துப் பார்த்தவர்கள் அது எளிதில் வருவதன்று என்பதை அறிவார்கள்.

ஆயினும் உறுதியான சீட்டிலே உண்மையான பெயர்தான் இருக்கும் என்று யார் சொன்னார்? 1949 இல் வெளிவந்த மகால் என்ற இந்தித் திரைப்படத்தின் பாடலொன்று நாடெங்கும் ஒலித்தது. இசைத்தட்டின் சீட்டிலே பாடியவர் பெயர் காமினி என்றிருந்தது. காமினி என்று ஒரு பாடகி இல்லை. அது படத்திலே மதுபாலா ஏற்று நடித்த பாத்திரத்தின் பெயர். பாடியவர் யார் என்று கேட்டு நேயர்கள் வானொலிக்குக் கடிதங்கள் எழுதிக் குவித்தார்கள். வானொலியார் கொம்பனியாரிடம் விசாரித்தார்கள். லதா மங்கேஷ்கர் என்ற பெயர் அப்போதுதான் காற்றிலேறிற்று. பின்னணி பாடுவோர் பெயர் சீட்டிலே இடம்பெறும் வழக்கம் வேரூன்றுவதற்கு அந்தக் கடிதங்களும் ஒரு காரணம். இரண்டு அங்குல இடத்திலே ஒரு பெயர் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒருவரின் வாழ்வோடு பிணைந்த காரியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி மறுபடியும் ஹனோவர். 1982 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17 ஆம் நாள், அந்நகரை அடுத்த லாங்கன்ஹாகன் என்ற இடத்திலே, பெர்லினர் தொடங்கிய கொம்பனியின் வழிவந்த ஆலையொன்றிலே உலகின் முதல் வணிக இறுவட்டுகள் வார்க்கப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் ஜப்பானிலே அவை விற்பனைக்கு வந்தன. குறுக்களவு 120 மில்லிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர்.

இந்த வட்டின் உடலமைப்பைச் சற்று விளக்க வேண்டும். பின்னர் வரும் இடர்கள் யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன. வட்டின் பெரும்பகுதி கண்ணாடி போன்ற பொலிகாபனேற்று என்னும் பிளாஸ்ரிக். அதன் மேற்பரப்பிலே நுண்ணிய குழிகள். குழிகளின்மேல், ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத அலுமினியப் படலம். அதன்மேல், நூறில் ஒரு பங்களவான மெருகுப் பூச்சு. அந்த மெருகின்மேல்தான் பெயர் அச்சிடப்படுகின்றது. லேசர் கதிர் கீழிருந்து முழுத் தடிப்பையும் ஊடுருவி வந்து மேலே உள்ள குழிகளைப் படிக்கின்றது. நாம் செய்வது என்ன? பளபளக்கும் கீழ்ப்பக்கத்தைக் குழந்தையைப் போலக் காப்பாற்றுகின்றோம். பெயருள்ள பக்கத்தை மேசையிலே கவிழ்த்து வைக்கின்றோம். உண்மையிலே தகவல் இருப்பது பெயருக்கு அடியிலேதான். கீழ்ப்பக்கத்துச் சிறு கீறலை ஒருவாறு மெருகிட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம். பெயர்ப் பக்கத்திலே விழும் ஆழமான கீறல் அலுமினியத்தைப் பெயர்த்துவிடும். பெயர்த்த இசை திரும்பாது.

ஆலைகள் இதனை அறிந்தே மை தேர்ந்தன. முதலிலே பயன்பட்டது ஸ்கிறீன் அச்சு. நுண்ணிய வலை ஒன்றை விரித்து, எழுத்துள்ள இடம் தவிர ஏனையவற்றை அடைத்து, வலையின் வழியே மையை அழுத்துவார்கள். நிறம் ஒன்றுக்கு வலை ஒன்று. புற ஊதாக் கதிர் பட்டதும் அந்த மை நொடிப்பொழுதில் இறுகிவிடும். புகைப்படம் போன்ற நுட்பமான சித்திரங்கள் வேண்டியபோது ஒப்செற் அச்சு வந்தது. அதற்கும் முதலில் வெள்ளை மையால் அடித்தளம் இட வேண்டும், இல்லையேல் உலோகத்தின் ஒளி மேலெழுந்து நிறங்களை மங்கச் செய்யும். இவ்வளவு கவனத்துக்கும் தப்பிய விபத்துகளும் உண்டு. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரிலுள்ள ஆலை ஒன்றிலே 1988 முதல் 1993 வரை வார்த்த வட்டுகளிற் சில, காலப்போக்கில் வெண்கல நிறமாகிப் பழுதுபட்டன. கூட வைத்த சிறு புத்தகத்தின் கடதாசியிலிருந்த கந்தகத்தை மெருகுப் பூச்சு தடுக்காமையே காரணம். பெயரும் பாட்டும் அச்சிட்ட கடதாசியே இசையை அரித்தது!

வீட்டிலே வட்டெழுதும் காலம் இதற்குப் பிந்தியது. கணினியிலேயே பதிவு செய்யத்தக்க வெற்று வட்டுகள் 1990களின் பிற்பகுதியில் மலிந்தன. கோயில் திருவிழா நாதஸ்வரம், மணவறை மந்திரம், பேரனின் அரங்கேற்றம், வெளிநாடு செல்லும் மகனுக்குத் தாயார் பேசிக்கொடுத்த சொற்கள் எல்லாம் வட்டிலே ஏறின. நூறு வட்டுகள் ஒரே முகத்தோடு அடுக்கியிருந்தன. பெயர் எழுதியாக வேண்டும். மெழுகுச் சாயப் பென்சில் பற்றாது. பந்துமுனைப் பேனா மெருகைக் குத்திக் கிழிக்கும். கடுமணம் வீசும் நிலைமைப் பேனாவின் கரைப்பான் நாளடைவில் மெருகுக்குள் இறங்கக்கூடும். அழகும் வேண்டுமென்று விரும்பியவர்கள் ஒட்டும் கடதாசி வட்டங்களை வாங்கி, வீட்டு அச்சுப்பொறியிலே படமும் எழுத்தும் அச்சிட்டு, நடுவே தண்டுள்ள சிறு கருவியின் துணையால் வட்டின்மேல் ஒட்டினார்கள். பார்ப்பதற்குக் கடையில் வாங்கியது போலவே இருந்தது.

இங்கேதான் பழைய தட்டின் நினைவு நம்மை ஏமாற்றியது. எண்பது ஆண்டுகள் கடதாசிச் சீட்டு பழுதின்றி உழைத்ததே, இறுவட்டுக்கு மட்டும் என்ன கேடு என்று தோன்றும். பழைய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது. இறுவட்டு இசைக்கும்போதே 200 முதல் 500 முறை சுழல்கின்றது. விரைந்த கணினிப் பொறியிலே அது 10,000 முறையளவுக்கும் ஏறும். இம்மி அளவு விலகி ஒட்டிய சீட்டு அந்த வேகத்திலே வட்டைத் தள்ளாடச் செய்யும். பழைய சீட்டு தட்டோடு இறுகியது. புதியது பசையால் மேலே நிற்பது. கடதாசி ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்து சுருங்கும். கீழே உள்ள பிளாஸ்ரிக் அவ்வாறு செய்யாது. இரண்டும் இழுத்துக்கொள்வதால் வட்டு மெல்ல வளையும். நம் கடலோர ஊர்களின் காற்றிலே அதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியின் கருவிக்குள்ளே பசை இளகி, வட்டு வெளியே வர மறுத்த கதைகள் பலருக்கும் தெரியும். சீட்டு கோணலாயிற்றே என்று உரித்தெடுக்க முயன்றால், சீட்டோடு மெருகும் மெருகோடு அலுமினியமும் சேர்ந்து வந்துவிடும். அமெரிக்க அரசின் நியம நிறுவனம் 2003 இல் வெளியிட்ட வழிகாட்டி, நெடுங்காலம் பேணவேண்டிய வட்டுகளில் ஒட்டுச்சீட்டே வேண்டாம் என்று கூறிற்று.

பிற வழிகளும் பிறந்தன. மேல்முகத்திலே வெள்ளைப் பூச்சுள்ள வட்டுகள் விற்பனைக்கு வந்தன. அந்தப் பூச்சு மையை உறிஞ்சும். வட்டைத் தட்டத்தில் வைத்து இங்க்ஜெட் அச்சுப்பொறிக்குள் செலுத்தினால் நேரே அதன்மேல் அச்சாகும். ஒட்டுச்சீட்டை நோக்க இது பல மடங்கு மேல். ஈரக்கையாற் தொட்டால் மை கலையும் என்பதே இதன் பலவீனம். லைட்ஸ்கிரைப் என்றொரு வியப்பும் வந்தது. வட்டைக் கவிழ்த்து வைத்தால், பதிவு செய்த அதே லேசர் மேல்முகத்துச் சாயத்தைக் கருக்கிப் பெயர் எழுதும். ஒரே நிறம், ஒரு படத்துக்கு அரைமணி நேரம்வரை பிடிக்கும், வெயில் பட்டால் வெளிறும். சில ஆண்டுகளிலே அது மறைந்தது.

வெளியே கொடுத்துச் செய்விப்போருக்கு இருவழிகள் இருந்தன. பெருந்தொகையாயின் ஆலை: கண்ணாடி மூலம் செய்து, அதிலிருந்து நிக்கல் அச்செடுத்து, வட்டுகளை வார்த்து, ஸ்கிறீன் அல்லது ஒப்செற் முறையில் அச்சிடுவார்கள். 500 அல்லது 1000 வட்டுகளுக்குக் குறைந்தால் அவர்களுக்குக் கட்டாது. நூறு வட்டுகள் போதுமென்ற சங்கத்தாரும் கலைஞரும் சிறு நிலையங்களை நாடினர். அங்கே பதிவு செய்யத்தக்க வட்டிலே படியெடுத்து, வெப்பத்தால் மையை ஒற்றும் பொறியாலோ இங்க்ஜெட் பொறியாலோ பெயர் அச்சிட்டுக் கொடுப்பார்கள். வெளிமுகம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வட்டைத் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: வார்த்தது வெள்ளி நிறம், பதிந்தது பச்சையோ நீலமோ படர்ந்தது. வார்த்த வட்டின் குழிகள் பிளாஸ்ரிக்கின் உடலிலேயே இருப்பவை. பதிந்த வட்டிலே அவை சாயத்தின் கருமை மட்டுமே.

தமிழில் அச்சிட விரும்பியவர்களுக்கு ஒரு தனித் தொல்லை இருந்தது. நம் நாட்டிலே நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்தி வைத்தது. எழுத்துருவையும் கூட அனுப்ப மறந்தால், அச்சகத்தார் கணினியிலே தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். அந்த மொழி அறியாத பணியாளர் அதனை அப்படியே ஆயிரம் வட்டுகளில் அச்சிட்டுவிட்டால் அவரைக் குறைசொல்ல இடமில்லை. எழுத்துகளைச் சித்திர வடிவமாக மாற்றி அனுப்புவதே அனுபவசாலிகள் கண்ட வழி. எழுத்து மிகச் சிறிதாயின் வலையிலே மை அடைத்துப் புள்ளிகள் மறையும். மெய்யெழுத்து உயிர்மெய்யாகிப் பாடகர் பெயரே திரியும். ஹனோவர்த் தொழிலாளிக்கு வங்காளம் தெரியாதிருந்த அந்தப் பழைய கதைதான், நூறாண்டு கழித்து வேறு வேடத்தில் வந்தது. கௌஹர் ஜானைப்போல் முடிவிலே தம் பெயரைச் சொல்லும் முன்யோசனை மட்டும் நம் கலைஞரிடத்தில் இருக்கவில்லை.

என் வீட்டிலும் ஒரு வட்டு உண்டு. உறவினர் திருமணத்து நாதஸ்வரம். தாமரைப்பூப் படத்தோடு நாமே அச்சிட்டு ஒட்டிய சீட்டு. நாலைந்து ஆண்டுகளில் விளிம்பு சுருண்டது. பாட்டும் நடுவிலே திக்கிற்று. உரிக்கவில்லை. சீட்டை அப்படியே விட்டு, ஓரத்தை மட்டும் மெல்ல அமர்த்தி, மிகக் குறைந்த வேகத்திலே சுழலவிட்டுப் புதிய வட்டொன்றிலே படியெடுத்தோம். ஏழு உருப்படிகளில் ஆறு வந்தன. இப்போது புதிய வட்டிலே சீட்டு இல்லை. நடுத்துளையைச் சூழ்ந்து, அலுமினியமும் குழிகளும் இல்லாத, கண்ணாடி போன்ற சிறு வளையம் ஒன்று இருக்கின்றதே, அந்த இடத்திலே நீர்மைப் பேனாவால் வாசித்தவர் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கின்றோம். பெர்லினர் தம் துத்தநாகத் தகட்டிலே பெயர் கீறியதும் ஏறக்குறைய அந்த இடத்திலேதான்.